கிருமிக்கு என்ன சாப்பாடு போட்டீர்கள்?

காய்ச்சல் குறையாமல் ஒருவரை மருத்துவமனையில் சேர்த்தால், முதல் நாளே இரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். “கல்ச்சர் முடிவு வர இரண்டு மூன்று நாளாகும்” என்று தாதி சொன்னதும் வீட்டாருக்கு எரிச்சல் வருகிறது. நிமிடத்தில் சர்க்கரை அளவு சொல்லும் கருவி வந்துவிட்ட காலத்தில், ஒரு கிருமியைக் கண்டுபிடிக்க மூன்று நாளா என்று கேட்கத் தோன்றும்.

அந்த மூன்று நாளும் அங்கே நடப்பது ஒரு வகைச் சமையல்தான். கிருமிக்கு உணவு தயாரித்து, தட்டில் ஊற்றி, அதில் கிருமியை வளர்த்து, அதன் மேல் மருந்தை வைத்துப் பார்க்கிறார்கள். கடைசியில் தாளில் மூன்று எழுத்துகளில் ஒன்று விழுகிறது. ‘எஸ்’ என்றால் அந்த மருந்து கேட்கும். ‘ஆர்’ என்றால் கேட்காது. ‘ஐ’ என்றால் இரண்டுக்கும் நடுவே. மருந்தின் அளவைக் கூட்டினால் பலன் தரலாம்.

எந்த மருந்தை ஏற்றுவது என்று மருத்துவர் முடிவெடுக்க அந்த எழுத்து பெரிய ஆதாரம். ஆனால், அது கிருமியையும் மருந்தையும் மட்டும் பொறுத்ததல்ல. கிருமிக்கு ஆய்வுக்கூடம் என்ன சாப்பாடு போட்டது என்பதையும் பொறுத்தது. அதே கிருமி, அதே மருந்து; ஆனால் உணவு மாறினால் ‘எஸ்’ என்று வரவேண்டியது ‘ஆர்’ என்று வந்துவிடலாம். இந்த வாரம் அந்தச் சாப்பாட்டின் கதையைப் பார்ப்போம்.

நம் வீட்டு அகார் அகார்

தீபாவளி விருந்தில் தேங்காய்ப்பால் ஊற்றிச் செய்த அகார் அகார் இல்லாத வீடு இங்கே குறைவு. உலகின் எல்லா ஆய்வுக்கூடங்களிலும் கிருமி வளர்க்கும் தட்டுக்கு அதுதான் அடித்தளம். பெயர்கூட நம் வட்டார மலாய்ச் சொல்தான். ‘அகார்’ என்று உலகமே அதைத்தான் சொல்கிறது.

1881-இல் ஜெர்மனியில் ராபர்ட் கோக் என்ற மருத்துவ அறிஞரின் கூடத்தில் வால்தர் ஹெஸ்ஸே என்பவர் வேலை பார்த்தார். அப்போது ஜெலட்டின் மேல்தான் கிருமிகளை வளர்த்தார்கள். வெயில் ஏறினால் ஜெலட்டின் உருகி ஓடிவிடும். சில கிருமிகள் அதையே தின்று தண்ணீராக்கிவிடும். வேலையெல்லாம் வீண். ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி வீட்டில் செய்யும் ஜாமும் ஜெல்லியும் வெயிலிலும் உருகாமல் நின்றன. எப்படி என்று கேட்டபோது, ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய டச்சு அயலார் சொல்லிக்கொடுத்த அகார்தான் காரணம் என்றார்.

அகார் ஏறத்தாழ 85 பாகையில் உருகும். ஆறி 40 பாகைக்குக் கீழே வந்தால்தான் உறையும். மனித உடம்பின் 37 பாகை வெப்பத்தில் தட்டை எத்தனை நாள் வைத்தாலும் கெட்டியாகவே இருக்கும். பெரும்பாலான கிருமிகளால் அதைத் தின்னவும் முடியாது. 1882-இல் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதியபோது கோக் அகாரைக் குறிப்பிட்டார். ஃபேனியின் பெயரை எழுதவில்லை.

அகார் கடல்பாசியிலிருந்து வருவது. தமிழ்நாட்டில் மன்னார் வளைகுடாவை ஒட்டிய மண்டபம், பாம்பன் பகுதிகளில் பெண்கள் கடலில் மூழ்கி எடுக்கும் ‘மரிக்கொழுந்துப் பாசி’யும் அகார் எடுக்கப்படும் பாசி வகைதான்.

அகார் வெறும் தட்டு மாதிரி. அது கிருமிக்கு உணவு ஆகாது. அதில் இறைச்சிச் சாறு, பாலின் புரதம், உப்பு, மாவு என்று எதை எவ்வளவு கலக்கிறோம் என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

நான்கு மில்லிமீட்டர் கணக்கு

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஆக்ஸ்போர்டில் பெனிசிலினைப் பிரித்தெடுத்தவர்களுக்கு ஒரு சிக்கல். கையில் இருக்கும் மஞ்சள் தூளில் எவ்வளவு வீரியம் இருக்கிறது என்று எப்படி அளப்பது? நார்மன் ஹீட்லி ஒரு வழி கண்டார். கிருமி பரப்பிய அகார் தட்டில் சிறு குழாய்களை நிற்கவைத்து, அதில் மருந்தை ஊற்றினார். மருந்து கசிந்து பரவிய இடத்தில் கிருமி வளராமல் வட்டமாக வெறுமை விழுந்தது. வட்டம் பெரிதானால் வீரியம் அதிகம். மருந்துகளின் வீரியத்தை அளக்க இந்த முறையை இன்றும் பயன்படுத்துகிறார்கள்.

மருத்துவமனையில் குழாய்க்குப் பதில் மருந்து ஊறிய சிறு காகித வில்லையை வைக்கிறார்கள். இந்த முறையை 1966-இல் அமெரிக்காவில் பாவர், கிர்பி உள்ளிட்ட நால்வர் ஒழுங்குபடுத்தினார்கள். அதற்கு முன் ஆளாளுக்கு ஒரு தட்டு, ஆளாளுக்கு ஓர் உணவு. ஒரு கூடத்தின் முடிவை இன்னொரு கூடத்தோடு ஒப்பிட முடியாது.

அவர்கள் தேர்ந்தெடுத்த உணவுக்கு ‘முல்லர்–ஹின்டன் அகார்’ என்று பெயர். 1941-இல் ஹார்வர்டில் ஜான் ஹாவர்ட் முல்லரும் அவருடைய உதவியாளர் ஜேன் ஹின்டனும் அதை உருவாக்கினார்கள். மருந்தைச் சோதிப்பது அவர்கள் நோக்கமே அல்ல. வெட்டை நோய்க் கிருமியையும் மூளைக்காய்ச்சல் கிருமியையும் எளிதாக வளர்க்க ஒன்று வேண்டியிருந்தது. மாட்டிறைச்சிச் சாறு, பால் புரதக் கூழ், கொஞ்சம் மாவு, அகார் ஆகியவை சேர்ந்தது அது. கிருமிக்கு ஒவ்வாத நஞ்சுகளை மாவு இழுத்துக்கொள்ளும். ஜேன் ஹின்டன் பின்னர் 1949-இல் கால்நடை மருத்துவப் பட்டம் பெற்றார். அமெரிக்காவில் அந்தப் பட்டம் பெற்ற முதல் இரு கறுப்பினப் பெண்களில் அவரும் ஒருவர்.

அந்தத் தட்டை ஊற்றுவதில் எவ்வளவு கண்டிப்பு பாருங்கள். அகாரின் கனம் நான்கு மில்லிமீட்டர். கனம் கூடினால் மருந்து கீழ்நோக்கியும் பரவி வட்டம் சிறுத்துவிடும். நல்ல மருந்து கேட்காத மருந்தாகத் தெரியும். கனம் குறைந்தால் வட்டம் பெருத்து, கேட்காத மருந்து கேட்பது போலக் காட்டும். இரண்டாவது தவறு நோயாளிக்கு இன்னும் ஆபத்து.

புளிப்பும் காரமும் சரியாக இருக்கவேண்டும். உணவு சற்றுப் புளித்திருந்தால் ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் வலுவிழந்து தெரியும். சுண்ணச் சத்தும் மெக்னீசியமும் அளவோடு இருக்கவேண்டும். அவை கூடினால், மருத்துவமனைகளில் அதிகம் தொல்லை தரும் சூடோமோனாஸ் கிருமியிடம் ஜென்டாமைசின் தோற்றது போலத் தோன்றும். குறைந்தால் வென்றது போலத் தோன்றும். திரவ உணவில் சோதிக்கும்போது லிட்டருக்கு 20 முதல் 25 மில்லிகிராம் சுண்ணமும், 10 முதல் 12.5 மில்லிகிராம் மெக்னீசியமும் என்று அளவு வகுத்திருக்கிறார்கள்.

தைமிடின் என்ற பொருள் உணவில் கலந்திருந்தால் இன்னொரு கோளாறு. கோ-டிரைமாக்சசோல் என்ற மருந்து, கிருமி தனக்கு வேண்டிய தைமிடினைத் தயாரிக்கவிடாமல் தடுத்துத்தான் அதை அடக்குகிறது. நாமே தைமிடினை ஊட்டிவிட்டால் அந்தத் தடையால் என்ன பயன்? கடையில் அடைத்துவிட்ட பொருளை வீட்டு வாசலில் கொண்டுபோய்க் கொடுத்த கதைதான்.

அதனால்தான் நல்ல ஆய்வுக்கூடங்கள், குணம் தெரிந்த ஒரு கிருமியைத் தங்கள் தட்டில் வளர்த்து, வட்டம் எதிர்பார்த்த அளவில் விழுகிறதா என்று பார்த்துக்கொள்கின்றன. சாம்பாரை இலையில் ஊற்றும்முன் உப்பு பார்ப்பதைப் போன்றது இது.

ரங்கூனிலிருந்து கோலாலம்பூருக்கு

இதெல்லாம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்த கதை என்று நினைக்கவேண்டாம். இந்தக் கலையில் நம் நாட்டுக்கு நேரடியாகச் சம்பந்தமுள்ள ஒரு கிருமி இருக்கிறது.

1911-இல் ரங்கூன் மருத்துவமனையில் ஆல்ஃபிரட் விட்மோர் என்ற மருத்துவரும் அவருடைய துணைவர் சி.எஸ். கிருஷ்ணசாமியும், இறந்தவர்களின் உடல்களில் இதுவரை யாரும் விவரித்திராத ஒரு நோயைக் கண்டார்கள். நுரையீரலிலும் கல்லீரலிலும் சீழ்க் கட்டிகள். குதிரைகளைத் தாக்கும் கிளாண்டர்ஸ் நோயைப் போலவே இருந்தது. ஆனால், இந்தக் கிருமி சாதாரண அகாரில் வேகமாகவும் செழிப்பாகவும் வளர்ந்தது. இது வேறு கிருமி என்று காட்ட உதவியவற்றில் அதுவும் ஒன்று.

அடுத்து அது தலைகாட்டியது கோலாலம்பூரில். 1900-இல் தொடங்கிய மருத்துவ ஆய்வுக் கழகத்தில் 1913-இல் சோதனை விலங்குகள் மடிந்தன. அதே கிருமி. அங்கே பணியாற்றிய ஸ்டான்டனும் ஃபிளெட்சரும் அதை ஆராய்ந்து, 1921-இல் நோய்க்கு ‘மெலியோய்டோசிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். இன்று உலகம் வழங்கும் அந்தப் பெயர் கோலாலம்பூர் ஆய்வாளர்கள் தந்தது.

இந்தக் கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. காலில் உள்ள புண் வழியாகவும், மழைக்காற்றில் கிளம்பும் துளிகள் வழியாகவும் உடம்புக்குள் போகும். எளிதில் மாட்டிக்கொள்பவர்கள் இனிப்புநீர் வியாதி உள்ளவர்கள். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். ஆகவே, இது நம்மவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டிய நோய்.

இரத்தத்தில் கிருமி இருந்தால் தேடிப்பிடிப்பது சற்றுச் சுலபம். சளியிலோ தொண்டையிலோ சீழிலோ தேடும்போது மற்றக் கிருமிகள் முந்தி வளர்ந்து இதை மறைத்துவிடும். அதற்கு 1979-இல் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் ஆஷ்டவுன் என்பவர் ஒரு தனி உணவைத் தயாரித்தார். அதில் ஜென்டாமைசின் மருந்தையே கலந்துவிட்டார். மெலியோய்டோசிஸ் கிருமிக்கு அந்த மருந்து கேட்காது; மற்றவை பல அதில் மடியும். எஞ்சுவது இது ஒன்றுதான். சில நாளில் சுருங்கிய ஊதாப் பூப்போலத் தட்டில் பூத்துவிடும். மிகக் கெட்டிக்கார யோசனை.

சரவாக் சொன்ன பாடம்

அந்த உணவு ஒரு நம்பிக்கையின் மேல் நின்றது: ‘இந்தக் கிருமிக்கு ஜென்டாமைசின் கேட்காது.’ தாய்லாந்தில் ஜென்டாமைசினுக்கு அடங்கும் வகை ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான் இருந்தது. யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

2014-இல் சரவாக்கிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. அங்குள்ள நோயாளிகளிடமிருந்து எடுத்த மெலியோய்டோசிஸ் கிருமிகளில் பெரும்பாலானவை ஜென்டாமைசினுக்கு அடங்கின. உள்ளே வரும் மருந்தை வெளியே இறைத்துத் தள்ளும் ஒரு ‘பம்பு’ இந்தக் கிருமியிடம் உண்டு. சரவாக் வகையில் அந்தப் பம்பின் மரபணுவில் ஒரு சிறு மாற்றம். பம்பு வேலை செய்யவில்லை. மருந்து உள்ளேயே தங்கி கிருமியை அழித்தது.

கேட்க நல்ல செய்தி போல இருக்கிறது. ஆனால், அந்தக் கிருமியை ஆஷ்டவுன் தட்டில் தேடினால் என்ன ஆகும்? தட்டில் கலந்திருக்கும் மருந்தே அதைக் கொன்றுவிடும். ‘கிருமி வளரவில்லை’ என்று முடிவு வரும். நோயாளியின் உடம்பில் கிருமி இருக்கும், தாளில் இருக்காது. வேறு நாட்டுக் கிருமிக்காகச் சமைத்த உணவு நம் நாட்டுக் கிருமிக்கு விஷமாகிவிடுகிறது. ஜென்டாமைசின் கலக்காத உணவிலும் சேர்த்துத் தேடவேண்டும் என்பது அந்த ஆய்வு தரும் பாடம். கண்டுபிடித்துவிட்டால் வழி இருக்கிறது: செஃப்டாசிடைம் போன்ற மருந்தை ஊசி வழி குறைந்தது பத்து நாள் ஏற்றி, பிறகு கோ-டிரைமாக்சசோல் மாத்திரையை மாதக்கணக்கில் கொடுக்கிறார்கள்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். வெளிநாட்டில் தயாரான உணவுப் பொடியை வாங்கித் தண்ணீர் ஊற்றிக் காய்ச்சினால் மட்டும் போதாது. நம் மண்ணில் இருக்கும் கிருமி என்ன என்று தெரிந்த ஆட்கள் இங்கேயே வேண்டும்.

தட்டு வேறு, உடம்பு வேறு

இப்போது பெரிய கேள்விக்கு வருவோம். முல்லர்–ஹின்டன் தட்டில் கிருமிக்கு ராஜ விருந்து. நம் உடம்பிலோ அப்படியில்லை. அங்கே இரும்புச் சத்தைப் பூட்டி வைத்திருக்கிறோம். இரத்தத்தில் பைகார்பனேட் இருக்கிறது. உடம்பே சுரக்கும் எதிர்ப்புப் பொருள்கள் இருக்கின்றன. விருந்தில் வளர்ந்த கிருமி மருந்துக்குக் காட்டும் முகமும், உடம்பில் பசியோடு இருக்கும் கிருமி காட்டும் முகமும் ஒன்றாகத்தான் இருக்கவேண்டுமா?

2015-இல் அமெரிக்காவில் சான் டியேகோவைச் சேர்ந்த விக்டர் நிசெட் குழுவினர் இதைச் சோதித்தார்கள். அசித்ரோமைசின் என்பது நம் கிளினிக்குகளில் பழகிய மருந்து. அசினெட்டோபாக்டர், சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா ஆகிய முரட்டுக் கிருமிகளிடம் அது செல்லாது என்பதுதான் தட்டு சொல்லும் முடிவு. மனித உயிரணுக்களை வளர்க்கப் பயன்படும் திரவத்தில் சோதித்தபோது, பல மருந்துகளுக்கு அடங்காத கிருமிகளையும் அது கொன்றது. எலிகளிலும் பலன் தெரிந்தது.

2017-இல் சான்டா பார்பராவில் மைக்கேல் மேஹன் குழுவினர் இன்னொரு படி போனார்கள். தட்டு ‘ஆர்’ என்று ஒதுக்கிய சில மருந்துகள் எலிகளைக் காப்பாற்றின. ‘எஸ்’ என்று பரிந்துரைத்த சில மருந்துகள் கைவிட்டன. பழைய உணவிலேயே சோடியம் பைகார்பனேட் சேர்த்துச் சோதித்தாலும் கணிப்பு மேம்பட்டது. அது வேறொன்றுமில்லை, நம் அடுக்களையில் இருக்கும் ஆப்பச் சோடாதான்.

அப்படியானால் நாளைக்கே எல்லாத் தட்டிலும் சோடா போட்டுவிடலாமே? முடியாது. வட்டம் இத்தனை மில்லிமீட்டர் இருந்தால் ‘எஸ்’, இத்தனைக்குக் கீழ் ‘ஆர்’ என்ற வரம்புகள், பல்லாண்டுகளாகப் பழைய உணவோடு சேர்த்து வகுக்கப்பட்டவை. உணவை மாற்றினால் ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு கிருமிக்கும் அந்த வரம்பை மறுபடி வகுக்கவேண்டும். எலியில் பலித்தது மனிதரில் பலிக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். அளவுகோலை மாற்றுமுன் பழைய அளவுகள் எல்லாவற்றையும் திருத்தவேண்டும் அல்லவா?

ஆனாலும் சில மருந்துகளுக்கு இந்த மாற்றம் ஏற்கெனவே நடந்துவிட்டது. டாப்டோமைசின் சுண்ணம் இருந்தால்தான் வேலை செய்யும்; அதைச் சோதிக்கும் உணவில் லிட்டருக்கு 50 மில்லிகிராம் சுண்ணம் இருக்கவேண்டும் என்பது விதி. செஃபிடெரோகோல் என்ற புதிய மருந்து, கிருமி இரும்புக்காகத் திறந்துவைக்கும் கதவு வழியாக உள்ளே நுழைவது. இரும்பு தாராளமாகக் கிடைக்கும் உணவில் கிருமி அந்தக் கதவை அவ்வளவாகத் திறப்பதில்லை. அதனால் இரும்பை நீக்கிய திரவ உணவில்தான் அதன் வீரியத்தைச் சோதிக்கிறார்கள். உடம்பில் இருப்பது போன்ற பஞ்சத்தைத் தட்டிலும் உண்டாக்கினால்தான் உண்மை தெரிகிறது.

நாம் செய்யக்கூடியது

மருந்துக்கு அடங்காத கிருமிகளால் 2019-இல் மட்டும் உலகில் 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்ததாக ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. புதிய மருந்துகள் மிக மெதுவாகத்தான் வருகின்றன. இருக்கும் மருந்துகளில் எது கேட்கும் என்று சரியாகச் சொல்லும் சோதனை, ஒரு புதிய மருந்துக்குச் சமம்.

அதில் நம் பங்கும் உண்டு. கல்ச்சருக்கு இரத்தமோ சிறுநீரோ சளியோ கொடுப்பது, இயன்றவரை ஆண்டிபயாட்டிக் தொடங்கும் முன் நடக்கவேண்டும். வீட்டில் மிச்சமிருந்த இரண்டு மாத்திரையைப் போட்டுக்கொண்டு போனால், கிருமி தட்டில் வளராமல் போகலாம். உடம்பில் மட்டும் பிழைத்திருக்கும். அப்படிப் போட்டிருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். நம் நாட்டில் ஆண்டிபயாட்டிக் மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாத மருந்து. அதைத் தெரிந்தவரிடம் கேட்டு வாங்குவதும் அடுத்தவருக்குக் கொடுப்பதும் வேண்டாம்.

இனிப்புநீர் உள்ளவர்கள் தோட்ட வேலையின்போது காலணி அணியவேண்டும். புண்ணோடு சேற்றிலும் ஆற்றிலும் இறங்கக்கூடாது. பிறகு காய்ச்சல் வந்து விடாமல் இருந்தால், “மண்ணில் வேலை செய்தேன், ஆற்றில் குளித்தேன்” என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். எந்தத் தட்டில், எந்தக் கிருமியைத் தேடவேண்டும் என்று ஆய்வுக்கூடம் முடிவு செய்ய அந்த ஒரு வாக்கியம் உதவும்.

இன்னொன்று நம் பிள்ளைகளுக்கு. இங்கே செமினியில் புரோகா சாலையில், 2005 முதல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் மலேசிய வளாகம் இயங்குகிறது. உயிரியலும் மருந்தியலும் அங்கே படிக்கலாம். அரசாங்கப் பல்கலைக்கழகங்களிலும் மருத்துவ ஆய்வுக்கூடப் படிப்புகள் இருக்கின்றன. ‘டாக்டர் சீட் கிடைக்கவில்லை’ என்று சோர்ந்துபோகும் பிள்ளைகள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவேண்டும். சரவாக்கில் கண்டதைப் போல, நம் மண்ணின் கிருமிக்கு எந்த உணவு பொருந்தும் என்று கண்டுபிடிக்க வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. அதை இங்கே இருப்பவர்கள்தான் செய்யவேண்டும்.